பிலாட்டீஸ் தெரியும்... ஜோசப் பிலாட்டீஸைத் தெரியுமா? போர்க்கால முகாமிலிருந்து வந்த ஜிம் மெஷினின் கதை

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பார்க்கிறவங்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். கட்டில் மாதிரி நீளமான ஒரு சட்டகம். அதன் மேல் முன்னும் பின்னும் வழுக்கிப் போகும் ஒரு பலகை. ஒரு முனையில் ஸ்பிரிங், இன்னொரு முனையில் கயிறும் வாரும். சினிமா நட்சத்திரம் ஒருவர் அதில் படுத்துக்கொண்டு காலால் உதைத்து, மெதுவாகத் திரும்பி வருகிறார். கீழே கேப்ஷனில் ஒரே வார்த்தை: பிலாட்டீஸ்.

யோகா, கராத்தே, ஜூம்பா மாதிரி இதுவும் ஏதோ ஒரு பயிற்சியின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் போர்க் கைதியைப் போல அடைக்கப்பட்டு, அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, கடைசியில் பெரிய சொத்து எதுவும் சேர்க்காமல் இறந்துபோன ஜோசப் ஹூபெர்ட்டஸ் பிலாட்டீஸ்தான் அவர்.

தன் மெஷினுக்கு அவர் காப்புரிமை வாங்கினார். ஆனால் அவர் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு, அவர் இறந்து 33 ஆண்டுகள் கழித்து நியூயார்க் நீதிமன்றம் ஒன்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

நோஞ்சான் பையன்

1883 டிசம்பர் 9. ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் இருக்கும் மொன்ஷன்கிளாட்பாக் என்ற நெசவுத் தொழில் நகரத்தில் ஜோசப் பிறந்தார். அப்பா ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்தவர். ஆனால் மகனுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் எனப்படும் எலும்பு மெலிவு நோய், ருமாட்டிக் காய்ச்சல் என ஒன்று மாற்றி ஒன்று படுத்தி எடுத்தது.

பெயரும் ஒரு தொல்லையாக இருந்தது. இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயரோடு ஒத்துப்போவதால், கூடப் படித்த பையன்கள் அதைச் சொல்லியே சீண்டுவார்களாம்.

நோஞ்சான் என்ற பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று அந்தச் சிறுவன் இறங்கினான். உடற்கூறியல் படங்களைப் பார்த்துத் தசைகளின் பெயரையும் வேலையையும் மனப்பாடம் செய்தான். ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, பனிச்சறுக்கு, நீச்சல் என எதையும் விடவில்லை. 14 வயதுக்குள், உடற்கூறியல் படம் வரைகிறவர்களுக்கு மாடலாக நிற்கும் அளவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று சொல்லப்படுகிறது.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் உடற்பயிற்சி ஒரு பெரிய அலையாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தவ் ஸாண்டர் என்ற மருத்துவர், 1865லேயே ஸ்டாக்ஹோமில் இயந்திரங்களை வைத்து உடற்பயிற்சி கொடுக்கும் நிலையம் தொடங்கிவிட்டார். இன்றைய ஜிம்முக்குத் தாத்தா என்றே அதைச் சொல்லலாம். ஆக, உடற்பயிற்சிக்கு மெஷின் என்ற யோசனை பிலாட்டீஸுக்கு முன்பே இருந்தது. அதில் அவர் சேர்த்தது என்ன என்பதுதான் கேள்வி.

முள்வேலிக்குள் நான்கு ஆண்டுகள்

1910களின் தொடக்கத்தில் பிலாட்டீஸ் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே குத்துச்சண்டை, சர்க்கஸ், தற்காப்புப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என்று பிழைப்பு ஓடியது. 1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. இங்கிலாந்தும் ஜெர்மனியும் எதிரெதிர் அணி. இங்கிலாந்தில் இருந்த ஜெர்மானிய ஆண்கள் எதிரி நாட்டுக் குடிமக்களாகக் கருதப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் துப்பாக்கி தூக்கிய ராணுவ வீரர்கள் கிடையாது. ஹோட்டல் சர்வர், முடிதிருத்துபவர், தையல்காரர், கடைக்காரர் போன்ற சாதாரண மக்கள்.

பிலாட்டீஸும் அவர்களில் ஒருவர். முதலில் லங்காஸ்டர். பிறகு, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவு. அந்தத் தீவின் நாக்கலோ முகாமில் 20,000க்கும் அதிகமானோர் மரக் குடிசைகளில் அடைபட்டிருந்தார்கள். செய்ய வேலை இல்லை. எப்போது விடுதலை என்றும் தெரியாது. வருடக்கணக்கில் முள்வேலிக்குள் இருந்தால் மனசும் உடம்பும் என்ன ஆகும்? முள்வேலி நோய் என்று அதற்கு ஒரு பெயரே வைத்தார்கள் அன்றைய மருத்துவர்கள்.

இந்தச் சூழலில்தான் பிலாட்டீஸ் சக கைதிகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். கருவி எதுவும் தேவைப்படாத, தரையில் படுத்தும் உட்கார்ந்தும் செய்யும் பயிற்சிகள். இன்றைக்கு மேட் பிலாட்டீஸ் என்று சொல்லப்படுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளுக்காகக் கட்டிலின் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, கட்டில் கம்பியில் மாட்டி, படுத்தபடியே கை காலை இழுத்துப் பயிற்சி செய்ய வைத்தார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை. 1918இல் உலகை உலுக்கிய ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில், அவரிடம் பயிற்சி எடுத்த யாருமே சாகவில்லை என்று இன்னொரு கதையும் சுற்றுகிறது. முதல் கதை அவருடைய பிற்காலக் கருவிகளோடு பொருந்துகிறது. இரண்டாவதை மருத்துவ உண்மையாக எடுத்துக்கொள்ள முடியாது. விளம்பரத்தில் பார்த்தால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

போர் முடிந்ததும் 1919இல் ஜெர்மனிக்குத் திரும்பினார். ஹாம்பர்க் நகரில் பயிற்சியாளர் வேலை. கூடவே கருவி வடிவமைக்கும் வேலையும் நடந்தது. 1926இல் கப்பலேறி அமெரிக்கா போனார். அந்தப் பயணத்தில்தான் கிளாராவைச் சந்தித்தார் என்று சொல்வார்கள். கடைசிவரை அவருடைய வாழ்க்கைத்துணையும் தொழில் துணையும் கிளாராதான்.

1927 மார்ச் 15. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஜோசப் பிலாட்டீஸுக்கு ஒரு காப்புரிமை வழங்கியது. எண் 1621477. தலைப்பு ரொம்பச் சாதாரணமாக, ஜிம்னாஸ்டிக் கருவி என்று மட்டும் இருந்தது. பின்னாளில் யுனிவர்சல் ரிஃபார்மர் என்று அவர் பெயர் வைத்த மெஷினின் மூல வடிவம் அதுதான்.

இப்போது நாம் பார்க்கும் ரிஃபார்மரில் என்னென்ன இருக்கிறது?

- கட்டில் அளவில் ஒரு மரச் சட்டகம் அல்லது உலோகச் சட்டகம்
- தண்டவாளம் போன்ற இரண்டு பட்டைகள் மீது சக்கரத்தில் ஓடும் பலகை
- பலகையைச் சட்டகத்தோடு இணைக்கும் ஸ்பிரிங்குகள்
- காலை வைத்துத் தள்ள ஒரு கம்பி, தோள் நழுவாமல் இருக்கத் தடுப்பு
- கையாலோ காலாலோ இழுக்க, கப்பி வழியாகப் போகும் கயிறும் வாரும்

இவ்வளவுதான். மோட்டார் கிடையாது, கரன்ட் வேண்டாம். ஆனால் இந்த அமைப்புக்குள் மூன்று நல்ல யோசனைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, படுத்துக்கொண்டு செய்வது. நிற்கும்போது நம் உடம்பின் எடை முழுவதும் முழங்கால், கணுக்கால், முதுகுத்தண்டு மேல் இறங்குகிறது. படுத்துவிட்டால் அந்தப் பாரம் போய்விடும். அடிபட்ட காலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடுக்க முடியும்.

இரண்டாவது, ஸ்பிரிங். டம்பெல்லைத் தூக்கும்போது புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டும்தான் இழுக்கும். ஸ்பிரிங்கை எந்தத் திசையிலும் மாட்டலாம். அது நீள நீள இழுவிசையும் கூடும். தள்ளத் தொடங்கும்போது லேசாக இருக்கும், கடைசியில் கனக்கும். தேவைக்கேற்ப ஒரு ஸ்பிரிங், இரண்டு ஸ்பிரிங் என்று மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, திரும்பி வருவது. தள்ளிவிட்டு அப்படியே விட்டால் பலகை டமார் என்று வந்து மோதும். மோதாமல் மெதுவாகக் கொண்டுவர, தசை நீண்டுகொண்டே வேலை செய்ய வேண்டும். போகும்போதும் பயிற்சி, வரும்போதும் பயிற்சி.

ஸ்பிரிங்கைக் குறைத்தால் சுலபம் என்று நினைப்போம். படுத்துக்கொண்டு காலால் தள்ளும்போது அது சரிதான். ஆனால் பலகை மேல் நின்றோ, கையை ஊன்றியோ செய்யும் சில பயிற்சிகளில் கதையே வேறு. ஸ்பிரிங் குறையக் குறையப் பலகை ஆட்டம் காணும், வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் படாத பாடு படும். ஒரே கருவி பலம் குறைந்தவருக்குத் துணையாகவும், பலசாலிக்குச் சோதனையாகவும் மாறுவது இப்படித்தான்.

எட்டாவது அவென்யூவில் ஒரு ஸ்டூடியோ

நியூயார்க்கில் எட்டாவது அவென்யூ, 939ஆம் எண் கட்டடத்தில் ஜோசப்பும் கிளாராவும் ஸ்டூடியோ தொடங்கினார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் பிலாட்டீஸ் இல்லை, கன்ட்ராலஜி. தசைகளை மனதால் கட்டுப்படுத்தும் கலை என்ற பொருளில் வைத்த பெயர் அது. 1934இல் ஒரு சிறு புத்தகமும், 1945இல் 34 தரைப் பயிற்சிகளைப் படத்தோடு விளக்கும் இன்னொரு புத்தகமும் எழுதினார்.

முதலில் அவரைக் கொண்டாடியவர்கள் நடனக் கலைஞர்கள்தான். காரணம் எளிது. பாலே ஆடுபவருக்குக் கால் அடிபட்டால் சம்பாத்தியமே நின்றுவிடும். காலுக்கு எடை கொடுக்காமல் பயிற்சியைத் தொடர வைக்கும் ஒரு மெஷின் இருக்கிறது என்றால் விடுவார்களா? நவீன பாலேவின் பெரிய பெயரான ஜார்ஜ் பாலன்சின், நவீன நடனத்தின் முன்னோடி மார்த்தா கிரஹாம் ஆகியோரின் வட்டாரத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கணுக்கால் காயத்தோடு 1940களின் தொடக்கத்தில் பாலன்சின் அனுப்பிவைத்த மாணவிகளில் ஒருவர் ரொமானா கிரிசனோவ்ஸ்கா. பின்னாளில் பிலாட்டீஸ் முறையின் முக்கிய ஆசிரியர் ஆனவர் அவர்.

கருவிகளும் வளர்ந்துகொண்டே போயின. நான்கு கம்பங்களோடு கட்டில் போல நிற்கும் கேடிலாக், முதுகை வளைக்க உதவும் பீப்பாய் வடிவக் கருவி, கைக்கு அடக்கமான இரும்பு வளையம் என்று ஒரு குடும்பமே உருவானது. அதில் வுண்டா சேர் என்ற நாற்காலி சுவாரசியமானது. பயிற்சி முடிந்ததும் புரட்டிப் போட்டால் சாதாரண சோபா நாற்காலியாகிவிடும். நியூயார்க்கின் சின்ன வீடுகளில் ஜிம்முக்கு எங்கே இடம் என்ற கேள்விக்கு அவர் கண்ட பதில் அது. சென்னை ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சனை நல்லாவே புரியும்!

காப்புரிமை இருந்தும் பணம் ஏன் வரவில்லை?

காப்புரிமை என்பது அரசோடு போடும் ஒரு ஒப்பந்தம் மாதிரி. உங்கள் கருவி எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு ஊருக்கே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட காலம்வரை அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாது. காலம் முடிந்ததும் அது பொதுச் சொத்து.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள்தான் அந்தப் பாதுகாப்பு. (இப்போது இந்தியாவிலும் அமெரிக்காவிலும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.) கணக்குப் போட்டுப் பாருங்கள். 1927 மார்ச்சில் வாங்கிய காப்புரிமை 1944 மார்ச்சில் முடிந்துவிட்டது. அந்த 17 ஆண்டுகளில் என்ன நடந்தது? 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. பெருமந்தம் வந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தது. ரிஃபார்மரை வீட்டுக்கு வீடு வாங்கும் நிலைமை அப்போது இல்லை. அதற்குச் சந்தை உருவானபோது காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் வாங்கியது கருவிக்கான உரிமை. அந்தக் கருவியில் என்ன செய்வது, எத்தனை முறை செய்வது, மூச்சை எப்போது இழுப்பது என்ற அவருடைய முறையைப் பூட்டி வைக்க எந்தப் பத்திரமும் இல்லை. அவரிடம் கற்றவர்கள் தனியாக ஸ்டூடியோ தொடங்கினார்கள். அவரவர் அனுபவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

பிலாட்டீஸ் அதிகம் ஆசைப்பட்டது ஒரே ஒரு அங்கீகாரத்துக்கு. மருத்துவர்கள் தன் முறையை ஏற்க வேண்டும், பள்ளியிலும் மருத்துவமனையிலும் அது நுழைய வேண்டும். அவர் உயிரோடு இருந்தவரை அது பெரிய அளவில் நடக்கவில்லை.

1967 அக்டோபர் 9 அன்று, 83 வயதில், நியூயார்க்கில் அவர் காலமானார். எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோய். சரியாக மூச்சு விடுவதுதான் முதல் பாடம் என்று சொல்லிக்கொடுத்த அந்த மனிதருக்கு, சுருட்டுப் பழக்கம் மட்டும் கடைசிவரை விடவில்லை. தனக்குப் பிறகு யார் என்று எழுதி வைக்கவும் இல்லை. கிளாரா சில ஆண்டுகள் ஸ்டூடியோவைத் தாங்கிப் பிடித்தார். பிறகு பொறுப்பு ரொமானாவிடம் போனது. 1977இல் கிளாராவும் மறைந்தார்.

பெயருக்காக நடந்த வழக்கு

1970களில் பிலாட்டீஸின் மாணவர் ரான் ஃபிளெட்சர் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஸ்டூடியோ திறந்தார். ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்தார்கள். நட்சத்திரங்கள் வந்தால் பத்திரிகைகள் வரும், பத்திரிகைகள் வந்தால் மக்கள் வருவார்கள். அதே காலத்தில் கலிபோர்னியாவில் மர வேலை செய்துகொண்டிருந்த ஒருவர், ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்காக ரிஃபார்மர் செய்துகொடுத்து, அப்படியே பெரிய தயாரிப்பாளராகவும் ஆனார். காப்புரிமை காலாவதியானதால் அதில் தவறு எதுவும் இல்லை.

சிக்கல் பெயரில் வந்தது. பிலாட்டீஸ் என்ற சொல்லுக்கான வர்த்தக முத்திரை, கைமாறி கைமாறி, 1990களில் பிலாட்டீஸ் இன்க் என்ற நிறுவனத்திடம் இருந்தது. அனுமதி இல்லாமல் அந்தச் சொல்லைப் போர்டில் போட்ட பயிற்சியாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் பறந்தன. பல வருடம் கற்று, அதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள், தாங்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதையே சொல்ல முடியாத நிலை. கருவி தயாரிக்கும் அந்தக் கலிபோர்னியா நிறுவனத்தின் மீதும் வழக்கு.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. யோகா, கராத்தே போல பிலாட்டீஸ் என்பதும் ஒரு பயிற்சி முறையைக் குறிக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது, எந்த ஒரு நிறுவனமும் அதைத் தன் முத்திரையாக வைத்துக்கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். வர்த்தக முத்திரைப் பதிவு ரத்தானது.

இதே மாதிரி ஒரு கேள்வி நம்ம யோகாவுக்கும் வந்தது. பிக்ரம் யோகாவின் 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள் அடங்கிய வரிசைக்குப் பதிப்புரிமை கேட்டபோது, அது கிடையாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லிவிட்டது.

இதனால் நமக்கு என்ன?

2000ஆம் ஆண்டு தீர்ப்புக்குப் பிறகு பிலாட்டீஸ் உலகம் முழுக்கப் பரவியது. அனுமதிக் கட்டணம் இல்லை, யாருடைய கையெழுத்தும் வேண்டாம். சென்னை, பெங்களூரு, மும்பை என்று இன்றைக்கு ஸ்டூடியோக்கள் திறக்க முடிவதற்கு அந்தச் சுதந்திரமும் ஒரு காரணம். பிசியோதெரபி நிலையங்களிலும் இந்தப் பயிற்சிகள் நுழைந்துவிட்டன. பிலாட்டீஸ் ஏங்கிய அந்த மருத்துவ அங்கீகாரத்தில் ஒரு பங்கு, அவர் போன பிறகு கிடைத்திருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெயர் எல்லோருக்கும் பொது என்றால், நாலு நாள் வகுப்புக்குப் போனவரும் வாசலில் பிலாட்டீஸ் என்று போர்டு மாட்டலாம். போர்டைப் பார்த்து மட்டும் தரத்தைச் சொல்லிவிட முடியாது. அதனால் சேரப் போறவங்க இதையெல்லாம் கவனிங்க:

- பயிற்சியாளர் எங்கே, எத்தனை மாதம் கற்றார், ரிஃபார்மர் மெஷினில் தனியாகப் பயிற்சி பெற்றாரா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.
- முதுகுவலி, எலும்பு தேய்மானம், அறுவை சிகிச்சை, கர்ப்பம் போன்றவை இருந்தால் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள். முன்னால் குனிந்து செய்யும் சில பயிற்சிகள் எலும்பு பலவீனமானவர்களுக்கு ஆகாது.
- முதல் சில வகுப்புகளில் ஸ்பிரிங்கை நீங்களே மாற்ற வேண்டாம். எந்தப் பயிற்சிக்கு எத்தனை ஸ்பிரிங் என்பதில்தான் பாதுகாப்பே இருக்கிறது.
- மெஷின் வகுப்புக்குக் கட்டணம் அதிகம் என்று தோன்றினால், மேட் பயிற்சியில் தொடங்கலாம். நாக்கலோ முகாமின் குடிசைகளுக்கு நடுவில் அவர் தொடங்கியதும் அப்படித்தான்.

காப்புரிமை எண் 1621477ஐ இணையத்தில் தேடினால், 1927இல் வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமையின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அடுத்த முறை ரீல்ஸில் அந்த வழுக்கும் பலகை வந்தால், ஒரு தடவை அதையும் திறந்து பாருங்கள்.